மூச்சு நிற்கிற குறட்டை: பக்கத்தில் படுத்திருப்பவர் பார்க்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

எங்கள் வீடு தங்கச்சிமடத்தில். வீட்டுக்காரர் விசைப்படகு ஓட்டுகிறவர். வாரத்தில் மூன்று நாள் ராமேஸ்வரம் துறையிலிருந்து காலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் கரை சேர்வார். நான் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். கல்யாணமாகி 11 வருஷம். அதில் 9 வருஷம் அவருடைய குறட்டையை வெறும் சத்தம் என்றே எடுத்துக்கொண்டு, தலையணையைக் காதில் அழுத்திப் படுத்திருக்கிறேன். அந்த 9 வருஷமும் அவருக்கு ராத்திரியில் மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த எனக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?

அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கர்கர் என்று போன சத்தம் திடீரென்று நின்றுவிடுகிறது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறிக் கிடக்கும், அவரும் தினமும் வீட்டில் படுப்பார். அப்படி ஒரு தடைக்காலத்தில், சின்னவளுக்குக் காய்ச்சல் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் அவர் தூங்குவதை முதல்முறையாக விடாமல் பார்த்தேன்.

குறட்டை ஏறிக்கொண்டே போனது. சட்டென்று நின்றது. அப்பாடா, நிம்மதி என்று நினைத்தேன். பார்த்தால் வயிறும் நெஞ்சும் மாறி மாறித் தூக்கிப் போடுகின்றன. மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்தேன். காற்றே இல்லை. சுவர்க் கடிகாரத்தின் சத்தத்தோடு எண்ணினேன். 24 வரை வந்தது. பிறகு உடம்பு ஒரு உதறு உதறி, சங்கு குளிக்கப் போனவர் மேலே வந்து இழுக்கிற முதல் மூச்சு மாதிரி ஒன்றை இழுத்தார். மறுபடி கர்கர். இரண்டு நிமிஷத்தில் மறுபடி அமைதி.

இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் தளரும். வழி குறுகி, உள்நாக்கும் மேலண்ணச் சதையும் காற்றில் அதிர்வதுதான் குறட்டை. வழி முழுசாக ஒட்டிக்கொண்டால் சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறி அரைகுறையாக எழுப்பிவிடும், தொண்டை திறக்கும். தூங்குகிறவருக்கு இது எதுவும் நினைவில் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்றே சொல்வார்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு ராத்திரி ஒரு மணி நேரம் விழித்திருங்கள். எத்தனை முறை நின்றது, அதிகபட்சம் எத்தனை எண்ணினீர்கள், மல்லாந்தா ஒருக்களித்தா, குடித்திருந்தாரா என்று ஒரு தாளில் குறியுங்கள். 10 விநாடிக்கு மேல் நின்றால் அது கணக்கில் வரும். முன்னிரவில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். கனவு வருகிற தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், அப்போது தசை இன்னும் தளரும். மூன்று, நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து இன்னொரு தடவை பாருங்கள். போனில் வீடியோவாக எடுங்கள், நெஞ்சும் முகமும் தெரியும்படி. டாக்டருக்கு நாம் வாயால் சொல்வதைவிட அந்த மூன்று நிமிஷம் பேசும்.

மூச்சு நின்றதும் பயந்துபோய் உலுக்கி எழுப்பத் தோன்றும். தோளைத் தொட்டு ஒருக்களிக்கத் திருப்பினால் போதும், பெரும்பாலும் வழி திறந்துவிடும். ராத்திரி முழுக்கக் காவல் இருந்து இதைச் சரிசெய்ய முடியாது. நான் இரண்டு மாதம் முயன்று பார்த்தேன். எனக்கு உடம்புக்கு வந்ததுதான் மிச்சம்.

சத்தம் உண்டு, மூச்சு நிற்பதில்லை

இரண்டு மூன்று ராத்திரி பார்த்தும் மூச்சு சீராகவே போகிறது, பகலிலும் சுறுசுறுப்பாக இருக்கிறார் என்றால் அவசரம் எதுவும் இல்லை. மல்லாந்து படுப்பது, மூக்கு, குடி, எடை பற்றிக் கீழே சொல்லியிருப்பதைச் செய்து பாருங்கள். வருஷம் ஒருமுறை மறுபடி எண்ணிப் பாருங்கள். வயசும் எடையும் ஏறினால் வெறும் குறட்டை இதுவாக மாறுவது உண்டு.

மல்லாந்து படுத்தால் மட்டும்தான்

மல்லாந்தால் நாக்கும் கீழ்த்தாடையும் பின்னால் சரிந்து வழியை அடைக்கும். பழைய பனியனின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு பை தைத்து அதற்குள் முட்டை அளவு வலை மிதவை ஒன்றைப் போட்டு வாயைத் தைத்துவிட்டேன். மல்லாந்தால் உறுத்தும், தானாகத் திரும்புவார். வெளியூரில் இதற்கு டென்னிஸ் பந்து வைக்கச் சொல்வார்கள். நம் வீட்டில் மிதவைக்கா பஞ்சம்? துணி இறுக்கமாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் மிதவை விலாப்பக்கம் நகர்ந்துவிடும்.

இலேசான நோய்க்கு இது நன்றாகவே உதவும். ஆனால் பலரும் ஒரு மாதத்தில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். தலைப்பக்கத்தை உயர்த்துவதும் கொஞ்சம் உதவும். அதற்குத் தலையணை மேல் தலையணை அடுக்காதீர்கள், கழுத்து மடங்கி வழி இன்னும் குறுகும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

மூக்கடைப்பு இருக்கிற நாளில் அதிகம்

வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மூக்கு அடைக்கும். மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு, வாய் திறந்தால் குறட்டை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவலாம், மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புத் தண்ணீர்ச் சொட்டும் போடலாம். அடைப்பை உடனே திறக்கிற சொட்டு மருந்தை மட்டும் நாலைந்து நாளுக்கு மேல் போடக்கூடாது. விட்டதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். நெய், எண்ணெய் என்று மூக்கில் விடச் சொல்வார்கள். தூங்குகிறவரின் நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்கினால் அது வேறு வில்லங்கம். வேண்டாம்.

ஒரு பக்க மூக்கு எப்போதுமே அடைத்திருந்தால் தண்டு வளைவோ சதையோ இருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்கட்டும்.

குடித்துவிட்டு வந்த இரவில் வீடே அதிர்கிறது

மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், திணறும்போது மூளை எழுப்புவதையும் தாமதமாக்கும். இரண்டும் சேர்ந்தால் மூச்சு நிற்கிற நேரம் நீளும். தூக்க மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். "இவுகளுக்கு ராத்திரி தூக்கம் சரியில்ல" என்று நான் ஒரு டாக்டரிடம் சொல்லப்போய், அவர் குறட்டை பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வாரம் மூச்சு நிற்கும்போது நான் எண்ணுவது 40-ஐத் தாண்டியது. தூக்கத்துக்கு மருந்து கேட்கும் முன் குறட்டையைச் சொல்லிவிடுங்கள்.

குடியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டு நான் ஜெயித்ததில்லை. படுப்பதற்கு நாலு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன், அது நடந்தது. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து உண்டு. அதை டாக்டர் துணையோடுதான் செய்ய வேண்டும்.

பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறது

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோறு போட்டு மோர் எடுத்து வருவதற்குள் கையில் பிசைந்த சோற்றோடு தூங்குவார். கடலில் கிடந்த அசதி என்று நினைத்தோம். ஆனால் தடைக்காலத்திலும், தொழிலே இல்லாத நாளிலும் அப்படித்தான் தூங்கினார். ஓய்வெடுத்தும் தீராத அசதி என்றால் ராத்திரித் தூக்கமே கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

நம் கடலில் சுக்கான் பிடிக்கிறவர் கண் அசந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் விடியற்காலை இவர் கண் அசந்து, கூட வந்த பையன் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக் கத்தி எழுப்பியிருக்கிறான். அதை என்னிடம் அவர் சொன்னதே மூன்று மாதம் கழித்துத்தான். கரையிலும் அதே ஆபத்துதான். மதுரை ரோட்டில், பாலத்தில், வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி சில விநாடி தூங்கினால் போதும்.

படகோ, வேனோ, பைக்கோ ஓட்டுகிறவருக்குப் பகல் தூக்கம் இருந்தால் வைத்தியம் தொடங்கி அது தீரும்வரை ஓட்ட விடாதீர்கள். நாங்கள் படகு முதலாளியிடம் சொல்லி, இரவில் சுக்கானை இன்னொருவரிடம் கொடுத்தோம். கூலி குறைந்தது. குறையட்டும் என்று விட்டேன்.

காலையில் தலைவலி, ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்கு, மாத்திரைக்கு அடங்காத பிரஷர்

இந்த மூன்றையும் குறட்டையோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ராத்திரி அடிக்கடி எழுந்து போனால் சர்க்கரை என்று சோதிப்போம். சோதிக்க வேண்டியதுதான். ஆனால் மூச்சு அடைபட்டு நெஞ்சுக்குள் இழுவிசை ஏறும்போது, தண்ணீர் கூடிவிட்டது என்று இதயம் நினைத்துக்கொண்டு, சிறுநீரை வெளியேற்றச் சொல்லும் சுரப்பு ஒன்றை விடும். அதனாலும் எழுவார்கள். எழுந்ததும் தலைவலி, வாய் காய்ந்து ஒட்டுவது, எரிந்து விழுவது, மறதி, தாம்பத்தியத்தில் நாட்டமில்லாமை எல்லாம் இதோடு சேர்ந்தவை. கடைசியைக் கேட்க நாம் கூச்சப்படுவோம், அவர்களும் சொல்ல மாட்டார்கள். வைத்தியம் பார்த்தால் அதுவும் சரியாகலாம்.

விட்டுவிட்டால் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம், சர்க்கரை என்று வரிசையாக வாய்ப்புக் கூடும்.

தையல்காரிக்குத் தெரிந்த ஒரு அளவும் இருக்கிறது. டேப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். டாக்டர்கள் கேட்கிற எட்டுக் கேள்வி: பலத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், உயரத்துக்கு மிஞ்சிய எடை, 50 வயசுக்கு மேல், 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்து, ஆண். மூன்றுக்கு ஆம் என்றால் சோதிக்க வேண்டும், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் தள்ளிப்போடவே கூடாது. இவருக்குச் சட்டை தைக்கும்போதெல்லாம் காலர் 17 அங்குலம் என்று எழுதி வைத்தவளே நான்தான். ஒல்லியானவர்களுக்கும் இது வரும். சின்னத் தாடை, வளர்ந்த டான்சில், தைராய்டுக் குறைவு எதுவும் காரணமாகலாம்.

பெண்களுக்கு வராது என்று நினைக்க வேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகு நமக்கும் வாய்ப்புக் கூடுகிறது. பெண்ணுக்குக் குறட்டை என்றால் மானக்கேடு என்று மூடி வைப்போம், அசதியையும் தூக்கமின்மையையும் மட்டும் சொல்வோம். என் மதினிக்கு அப்படித்தான் நாலு வருஷம் சத்து மாத்திரையில் போனது.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்கிறார்

இங்கேதான் எங்களுக்கு ஒரு வருஷம் போனது. "ஏ புள்ள, ஒனக்குத் தூக்கம் வரலன்னா நீ போய் டாக்டரப் பாரு" என்பார். அத்தை, "ஒரு நா ஒரு ராத்திரி கடல்ல கெடந்துட்டு வந்து அசந்து தூங்குறான், அவன எழுப்பாத ஆத்தா" என்பார். பலத்த குறட்டையை நல்ல தூக்கத்தின் அடையாளமாகவே நம் ஊரில் எடுத்துக்கொள்கிறார்கள்.

குறட்டை என்று ஆரம்பித்தால் குறை சொல்வதாகத்தான் படும். நான் வீடியோவை ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் கொடுத்தேன். தான் மூச்சில்லாமல் கிடப்பதைப் பார்த்தார். இரண்டாவது தடவை ஓடவிட்டு, எண்ண ஆரம்பித்தார். 20 வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு, "இது தெனமுமா?" என்றார். "தெனமுந்தாங்க" என்றேன். அடுத்த வாரம் கிளம்பினோம்.

வீடியோவுக்கும் மசியாதவர் என்றால், அவர் மதிக்கிற மச்சானோ, கூடத் தொழிலுக்குப் போகிறவரோ சொல்லட்டும். படகில் பக்கத்தில் படுத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். நாலு பேர் முன்னால் கேலியாகச் சொல்ல மட்டும் விடாதீர்கள், அதோடு கதவு மூடிவிடும்.

எந்த டாக்டர், என்ன சோதனை

காது மூக்கு தொண்டை, அல்லது நெஞ்சு நோய் டாக்டர். ராமநாதபுரத்தில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் முதலில் காட்டலாம். தூக்கச் சோதனைக்கு நாங்கள் மதுரைக்குப் போனோம். ஒரு ராத்திரி அங்கே படுக்க வேண்டும். தலை, நெஞ்சு, கால் எல்லாம் ஒயர் ஒட்டுவார்கள், விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப். வலிக்காது. வீட்டுக்கே கொடுத்தனுப்புகிற சின்னக் கருவியும் உண்டு.

மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று ஒரு எண் வரும். 5-க்குக் கீழே சரி. 5 முதல் 15 இலேசு, 15 முதல் 30 நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. இவருக்கு 41. ஆக்ஸிஜன் 76 சதவீதம் வரை இறங்கியிருந்தது. அறிக்கையைப் படித்துச் சொன்ன டாக்டர், "யாரும்மா முதலில் கவனித்தது?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

இலேசு, நடுத்தரம் என்றால் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற பல் கருவி ஒன்றைப் பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து தருவார். எடை குறைப்பது எல்லோருக்கும் உதவும்: பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்த எண் ஏறக்குறைய கால்வாசி இறங்கும். 41-இல் கால்வாசி போனாலும் கடுமைதான் என்பதால், எடை குறையட்டும் பிறகு பார்க்கலாம் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கிற சிபேப் மிஷின் வாங்கினோம்.

மிஷின் வந்தாகிவிட்டது, ஆனால்

1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கண்டுபிடித்தது இந்த சிபேப் மிஷின். தூசி உறிஞ்சும் மிஷினின் மோட்டாரை வைத்துத்தான் முதலில் செய்து பார்த்திருக்கிறார். மாஸ்க் வழியாகக் காற்று அழுத்திக்கொண்டே இருக்கும், தொண்டைக்கு அது முட்டுக்கொடுத்த மாதிரி. முடிந்தால் முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

ஓரத்தில் காற்று சீறினால்: பட்டையை இறுக்கத்தான் கை போகும். இறுக்கினால் இன்னும் சீறும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். தளர்த்தி, மிஷின் ஓடும்போதே மாஸ்க்கைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டால் ரப்பர் ஓரம் தானாக உட்காரும். தாடியும் காரணமாகலாம். கன்னத்தில் பட்டை தடம் பதிந்தால் பழைய பருத்தித் துணியில் உறை தைத்து மாட்டுங்கள்.

வாய் காய்ந்தால்: வாய் திறக்கிறது. தாடைப் பட்டையோ, வாயும் மூக்கும் மூடுகிற மாஸ்க்கோ கேளுங்கள்.

குழாயில் தண்ணீர் களகளத்தால்: நம் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் உண்டு. காற்றை ஈரமாக்க மிஷினில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் சூட்டைக் குறைத்துவிடுங்கள். மிஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

தொட்டியில் வெள்ளைப் படிவு: கிணற்றுத் தண்ணீரின் உப்பு. காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், காலையில் மீதியைக் கொட்டிவிடுங்கள். மாஸ்க்கைத் தினமும் சோப்பில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். கச்சான் காற்றில் மணல் பறக்கிற மாதங்களில் பில்டரை வாராவாரம் பார்ப்பேன், சாம்பல் நிறமானால் மாற்றிவிடுவேன்.

வயிறு காற்றடைத்து ஊதினால்: டாக்டரிடம் சொல்லி அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். நாமே எண்ணைத் திருகக் கூடாது.

தூக்கத்தில் கழற்றி எறிந்தால்: முதல் பத்து நாள் இவரும் எறிந்தார். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகினார். அப்புறம் ராத்திரி இரண்டு மணி, நாலு மணி என்று ஏறியது. நாலு மணி நேரமாவது என்பார்கள், தூங்குகிற நேரம் முழுக்க என்பதே இலக்கு.

கரண்டு போனால்: இன்வெர்ட்டரில் போடுங்கள், சூட்டை அணைத்துவிட்டால் பேட்டரி நீண்ட நேரம் தாங்கும். அதுவும் இல்லாத ராத்திரி மிதவைப் பனியன். மாஸ்க்கை மாட்டியபடி மிஷின் நின்று கிடக்கக் கூடாது, கழற்றிவிடுங்கள். படகுக்கு நாங்கள் மிஷின் கொடுத்துவிடுவதில்லை, உப்புத் தண்ணீர் தெறிக்கும். அங்கேயும் பனியன்தான். முறை போட்டு, ஒருக்களித்துத் தூங்குகிறார்.

உங்களுக்குத் தூக்கமில்லை

தனியாகப் படுங்கள். அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று நான் வருஷக்கணக்கில் யோசித்தேன். தூக்கம் கெட்டால் உங்களுக்கும் பிரஷர் வரும். காதடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கும், ஆனால் அதை வாங்கும் முன் ஒரு முறை எண்ணிவிடுங்கள்.

காத்திருக்கவே கூடாத நேரம்

உதடு நீலம் பூத்தால், எழுப்பியும் சரியாக விழிக்காமல் உளறினால், நெஞ்சு வலித்தால், முகம் கோணினால் 108. காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் அன்றைக்கே மருத்துவமனை. கர்ப்பிணிக்குப் புதிதாகக் குறட்டையும் பிரஷரும் வந்தால் அடுத்த பரிசோதனை வரை தள்ளாதீர்கள். குழந்தை தினமும் குறட்டை விட்டால் டான்சிலைக் காட்டுங்கள். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த நோயைச் சொல்லி, மிஷினைக் கூடவே எடுத்துப் போங்கள்.

தடைக்காலத்தின் முதல் ராத்திரி ஒரு மணி நேரம் நான் இன்றும் விழித்துக் கேட்பது உண்டு. இந்த வருஷமும் கேட்டேன். மாஸ்க்கின் இடது ஓரம் மட்டும் இலேசாகச் சீறியது. பட்டையைத் தளர்த்தி மறுபடி ஒட்டிவிட்டுப் படுத்தேன்.